முதலில் சங்கம், பின்னர் யந்திரம்

சங்கங்களின் இருப்புச் சாமான்களைச் சரிபார்க்க ஊரூராகச் செல்லும் நமக்கு மிகவும் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. கிடங்கின் கோடியில், கிழிந்த சாக்குகளுக்கும் கை உடைந்த தராசுக்கும் நடுவே, யந்திரம் ஒன்று துருவேறிக் கிடக்கும். ஏன் ஓடவில்லை என்று வினவினால் பழுது என்பர். என்ன பழுது என்று வினவினால், முந்திய செயலாளர் காலத்திலேயே நின்றுவிட்டது என்பர். கேட்ட கேள்விக்கு அது விடையாகாது. ஆயினும் அதையே பதிவேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த இனத்துக்குச் சென்றுவிடுவோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, மஞ்சள் பயிரிடுவோர் மிகுந்த ஒரு சங்கத்தில் இவ்வாறு கிடந்த பவர் டில்லர் ஒன்றைக் கண்டோம். கைப்பிடிகள் வளையவில்லை. கியர்ப் பெட்டியில் விரிசல் இல்லை. எஞ்சினைக் கையால் சுற்றினால் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. கணக்கிலோ, ஆண்டுதோறும் தேய்மானம் கழித்துக் கழித்து அதன் மதிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்னும் நிலைக்கு வந்திருந்தது. உதவாப் பொருளென ஏலத்தில் விற்றுவிடலாம் என்று குறிப்பெழுதி நாமே கையொப்பமிட்டோம். நிர்வாகக் குழு தீர்மானம் இயற்றியது. பழைய இரும்பின் விலைக்கு அது போயிற்று.

அடுத்த வைகாசியில் அவ்வழியே சென்றபோது, ஐந்து கிலோமீட்டர் தொலைவில் அதே யந்திரம் ஒரு வயலை உழுதுகொண்டிருக்கக் கண்டோம். ஏலம் எடுத்தவர் நாசிலை மாற்றி, டீசல் குழாயில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றினாராம். வேறொன்றும் செய்யவில்லையாம். மணிக்கு இவ்வளவென்று வாடகை பேசி உழுதுகொண்டிருந்தார். வயலுக்கு உடையவர் அந்தச் சங்கத்தின் அங்கத்தினர்!

இந்த மனக்குறையோடு நாம் இருந்த காலத்தில், கல்லூரியில் நம்முடன் பயின்று இப்போது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர், தாம் முதன்முதலாகப் பழைய தோட்ட டிராக்டர் ஒன்றை வாங்கிய வரலாற்றை எழுதியனுப்பினார். பொழுதுபோக்காக எழுதினார். நாமோ அதைப் பாடமாகப் படித்தோம்.

தோட்ட டிராக்டர் என்பது பெரிய டிராக்டரின் குட்டி. வீட்டைச் சுற்றியுள்ள புல்லை வெட்டவும், காய்கறிப் பாத்தியை உழவும், பனிக்காலத்தில் வாசற்பனியைத் தள்ளவும் உதவும். மேற்கு வர்ஜீனியாவில் புகைப்படத் தொழில் செய்த பெஞ்சமின் கிரேவ்லி என்பவர் 1916ஆம் ஆண்டிலேயே மோட்டார்க் கலப்பை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியானாவின் சவுத் பெண்டு நகரில் பாண்டு குடும்பத்தார் 1946இல் தொடங்கிய தொழில் வீல் ஹார்ஸ் என்னும் பெயரால் புகழ்பெற்றது. பெரிய கம்பெனியாகிய இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1960இல் கப் கடெட் என்னும் வண்டியை வெளியிட்டது. ஏழு குதிரைத்திறன் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் கோலர் எஞ்சின். வயலில் உழைத்த ஃபார்மால் கப் டிராக்டரின் கியர் அமைப்பு. 1963 வரையில் அந்த முதல் மாதிரியில் சுமார் 65,000 வண்டிகள் செய்தனர். அக்கம்பெனி கப் கடெட் தொழிலை 1981இல் விற்றுவிட்டது. சில ஆண்டுகளில் தன் விவசாய யந்திரப் பிரிவையும் விற்றது. வீல் ஹார்ஸும் 1974இலும் 1986இலும் கைமாறியது. செய்தவர் கைவிட்ட யந்திரங்கள் இன்றும் ஓடுகின்றன என்றால் அவற்றை ஓட்டுவிப்பவர் யார்? நண்பரின் கடிதத்தில் நாம் தேடியது இதற்கான விடையைத்தான்.

நண்பர் முதலில் செய்தது பிழை. விளம்பரத்தில் கண்ட கப் கடெட்டை, புதுச்சாயம் பளபளக்கிறதே என்று பார்த்து வாங்கிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து கயிற்றை இழுத்தால் எஞ்சின் பிடிக்கவில்லை. புதிய கார்புரேட்டர் வாங்கினார், பயனில்லை. புதிய காயில் வாங்கினார், பயனில்லை. வண்டியின் விலையில் பாதி இவ்வாறு சென்ற பிறகே, அருகிலிருந்த பழைய டிராக்டர் அன்பர்களின் சங்கத்தை நாடினார். எண்பது வயதை நெருங்கும் முதியவர் ஒருவர் வந்தார். எஞ்சினின் பக்கவாட்டிலுள்ள சிறு மூடியைக் கழற்றினார். உள்ளே மின்பொறியை உண்டாக்கும் இரு முனைகள் நெடுநாள் கிடந்ததால் களிம்பேறியிருந்தன. தடித்த அட்டைத் துண்டு ஒன்றை அவற்றின் நடுவே இரண்டு முறை இழுத்துத் துடைத்தார். ஓர் அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி இருக்குமாறு திருகை முடுக்கினார். வண்டி புகைகக்கிக்கொண்டு கிளம்பியது. கூலி வாங்க மறுத்துவிட்டு, சந்தா செலுத்தி அங்கத்தினராகச் சேருமாறு மட்டும் கூறிச் சென்றாராம்.

அம்முதியவர் பின்னர் நண்பருக்குக் கற்பித்தவை எந்தப் பழைய யந்திரத்துக்கும் பொருந்தும். உடைந்த உறுப்பைவிட இல்லாத உறுப்பே செலவு வைக்கும். உடைந்ததைப் பற்றவைக்கலாம், தொலைந்ததை எங்கே தேடுவது? ஆகவே அழகைப் பாராமல் முழுமையைப் பார்க்கவேண்டும். எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்து, அழுத்தம் தடுக்கிறதா என்று உணரவேண்டும். கியர் எண்ணெய் சிறிது வடித்துப் பார்த்து, பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளதென்று அறியவேண்டும். வரிசை எண் பொறித்த தகட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதைக்கொண்டே சரியான உதிரி பாகத்தைக் கேட்க முடியும். இக்காலத்துப் பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுத்துவிடுமாதலால், அவற்றை முதல் வேலையாக மாற்றவேண்டும். சாயம் பூசுவது கடைசி வேலை. (நம் சங்கங்கள் சிலவற்றில் பெயர்ப்பலகைக்குச் சாயம் பூசுவதே முதல் வேலை என்பது நினைவுக்கு வந்து சிரித்துக்கொண்டோம்.)

கம்பெனி கைவிட்ட பின் உதிரி பாகம் எங்கிருந்து வருகிறது என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். பலவற்றுக்குக் கம்பெனியே வேண்டா. பேரிங்கின் விளிம்பில் பொறித்த எண்ணே அதன் முகவரி. 6205 என்றிருந்தால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, கனம் 15. அமெரிக்காவில் வாங்கினாலும் ஈரோட்டுக் கடைவீதியில் வாங்கினாலும் அளவு ஒன்றே. எண்ணெய்ச் சீல், பெல்ட் ஆகியவையும் பெரும்பாலும் அவ்வாறே. எங்கும் கிடைக்காதவற்றுக்கு அங்கே அன்பர்கள் கூட்டுமுறையைக் கையாளுகின்றனர். ஒருவர் தம்மிடமுள்ள நல்ல உறுப்பை அளந்து வரைபடம் செய்கிறார். தனியொருவர் ஒன்று செய்யச் சொன்னால் பட்டறைக்காரர் கேட்கும் கூலி கட்டாது. இருபது பேர் சேர்ந்து இருபது கேட்டால் கட்டுகிறது. பாவு நூலைத் தனியே வாங்கிய காலத்தையும் சங்கத்தின் மூலம் வாங்கும் காலத்தையும் அறிந்த நெசவாள அங்கத்தினர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

உறுப்புகளைப்போலவே ஏடுகளையும் அவர்கள் பேணுகின்றனர். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் பழைய ஆவணங்களும் படங்களும் பெருந்தொகையாக விஸ்கான்சின் மாநில வரலாற்றுச் சங்கத்தில் காக்கப்படுகின்றன. அன்பர்கள் கையேடுகளைப் படியெடுத்துத் தமக்குள் பகிர்கின்றனர். இந்தியானாவின் போர்ட்லண்டு என்னும் சிற்றூரில் ஆகஸ்டு மாதந்தோறும் பழைய எஞ்சின்களும் டிராக்டர்களும் கூடும் பெருஞ்சந்தை ஒன்று நடக்கிறது. அங்கே விற்பவரும் வாங்குபவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதே பாதி வியாபாரம் என்று நண்பர் எழுதுகிறார். உழவு நாள் என்றொன்றும் உண்டு. நிலம் உள்ள ஒருவர் வயலை விட்டுக்கொடுக்க, குட்டி டிராக்டர்கள் பல வரிசையாக இறங்கி ஒற்றைக் கொழுக் கலப்பையால் உழுகின்றன. புதிதாக வந்தவனின் கலப்பை சாய்ந்து இழுத்தால், பக்கத்துச் சாலில் வருபவர் இறங்கிவந்து திருத்திவிட்டுப் போகிறார்.

இவை நமக்கு முற்றிலும் அந்நியமானவை என்று எண்ணவேண்டா. நம் விவசாயிகள் நாள்தோறும் கூறும் ரோட்டவேட்டர் என்னும் சொல், தோட்ட யந்திரங்கள் செய்த கம்பெனி ஒன்றின் வணிகப் பெயராகப் பிறந்தது. ஆஸ்திரேலியாவில் தந்தையின் பண்ணையில் 1912இல் சுழல் கத்திகளால் மண்ணைக் கிளறிச் சோதனை செய்த ஆர்தர் கிளிஃபர்டு ஹோவர்டு, 1938இல் இங்கிலாந்தில் தொழில் தொடங்கினார். அவருடைய பழைய கை யந்திரங்களை இன்றும் ஆங்கிலேய அன்பர்கள் தேடி வாங்கிப் பழுது பார்க்கின்றனர். நம் நாட்டிலோ, பெங்களூரில் 1967இல் மிட்சுபிஷியின் கூட்டுறவோடு வி.எஸ்.டி. கம்பெனியும், கேரளத்தில் குபோட்டாவின் தொழில்நுட்பத்தோடு 1973இல் நிறுவப்பட்ட அரசுக் கம்பெனியும் பவர் டில்லர்களைச் செய்து தந்தன. அவற்றின் முதல் வண்டிகளுக்கு அரை நூற்றாண்டு வயதாகிவிட்டது. நாம் ஏலம் விட்ட வண்டியும் அந்தக் குலத்தைச் சேர்ந்ததே.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அமெரிக்க அன்பருக்கு அது பொழுதுபோக்கு. வண்டி ஓடாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகும், அவ்வளவே. நம் அங்கத்தினருக்கு ஈரம் காயுமுன் உழுதாக வேண்டும். இம்மறுப்பை நாம் ஒப்புக்கொள்கிறோம். வாடகைக்கு விடுவதற்காகச் சங்கம் முதன்முதலில் வாங்கும் யந்திரம் புதியதாகவும் உத்தரவாதம் உள்ளதாகவும் இருப்பதே முறை. ஓட்டுபவர் இருக்கையைவிட்டு எழுந்தால் தானே நின்றுவிடும் காப்பு முதலியன 1961ஆம் ஆண்டு வண்டிகளில் இல்லை என்பதையும் மறைக்கலாகாது. பழையதை வாங்குங்கள் என்று எவரையும் தூண்டுவது நம் கருத்தன்று. ஆனால் இன்று வாங்கும் புதியதும் பழையதாகும் அல்லவா? அந்நாளில் அதன் குணம் அறிந்தவர் எங்கே இருப்பார் என்பதை வாங்கும் நாளிலேயே கேட்கவேண்டும் என்கிறோம். விலைப்பட்டியல் மூன்று வாங்குகிறோம், ஒப்பிட்டுப் பட்டியலிடுகிறோம், தீர்மானம் எழுதுகிறோம். அதே வண்டியைப் பத்தாண்டு ஓட்டிய பக்கத்துச் சங்கத்துக்கு ஒரு நடை சென்று கேட்டுவந்ததாக எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் நாம் படித்ததில்லை.

நெசவாளர் தெருவில் இந்த வழக்கம் உயிரோடிருக்கிறது. ஜக்கார்டுப் பெட்டியில் ஒரு கொக்கி முறிந்தால், விழுது அறுந்தால், நாடா சிதறினால், நான்கு வீடு தள்ளி அதை அறிந்த ஒருவர் இருப்பார். இரவலாக ஒரு கொக்கியும் கிடைக்கும். பாட்டன் காலத்துத் தறி பேரன் காலத்திலும் ஓடுவதற்கு மரத்தின் உறுதி மட்டும் காரணமன்று. தேய்மானக் கணக்கோ இரும்புக்கும் மரத்துக்கும் வயது கழிக்கிறது. நான்கு வீடு தள்ளி இருப்பவரை எழுத அதில் பத்தி இல்லை. நாம் கையொப்பமிட்ட அந்தக் குறிப்பிலும் இருக்கவில்லை.

ஆகவே இம்மாவட்டத்தில் பவர் டில்லர் வைத்துள்ள சங்கங்களும் தனி விவசாயிகளும் தமக்குள் ஒரு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறோம். பதிவும் வேண்டா, துணைவிதியும் வேண்டா, பங்குத் தொகையும் வேண்டா. ஆய்வாளராகிய நாமே இதைக் கூறுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். எந்த ஊரில் எந்த மாதிரி வண்டி இருக்கிறது, அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் யார் என்னும் ஒரு பட்டியல் போதும். அறுவடை முடிந்த ஓய்வில் ஆண்டுக்கு ஒருமுறை வண்டிகளோடு ஓரிடத்தில் கூடினால் இன்னும் நன்று. பழுதென்று கிடக்கும் எந்த வண்டியையும், அதே மாதிரியை ஓட்டும் வேறொரு சங்கத்தார் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தாலன்றி, கழித்துவிடப் பரிந்துரை செய்வதில்லை என்று நாம் சென்ற ஆண்டு முதல் வைத்துக்கொண்டிருக்கிறோம். இதனால் நமது கோப்புகள் சில தாமதமாகின்றன. தாமதத்துக்கு மேலிடத்திலிருந்து விளக்கமும் கேட்டிருக்கிறார்கள், எழுதியனுப்பியுள்ளோம். இவ்வாறு பார்க்கச் செய்த மூன்று வண்டிகளில் இரண்டு இப்போது ஓடுகின்றன. மூன்றாவது உண்மையிலேயே முடிந்துபோனது. அதன் சக்கரங்களையும் கியர்ப் பெட்டியையும் வேறொரு சங்கம் விலைக்கு எடுத்துக்கொண்டது.

மஞ்சள் ஊர்ச் சங்கத்துக்குச் சென்ற மாதம் மீண்டும் சென்றிருந்தோம். பீரோவின் அடித்தட்டில், பழைய ரசீதுப் புத்தகங்களுக்குக் கீழே, அந்த வண்டியின் கையேடு கிடந்தது. எண்ணெய்க் கறைகூடப் படாமல் புத்தம் புதியதாக இருக்கிறது. டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் முறை அதில் படத்தோடு விளக்கப்பட்டுள்ளது. செயலாளரின் அனுமதியோடு அதைப் படியெடுத்து வைத்திருக்கிறோம். அம்மாதிரி வண்டி வைத்திருப்போர் நமது அலுவலகத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.