விற்க வேண்டாம், வாடகைக்கு விடுங்கள்!

கோலம், சமையல், கைவேலை, தாலாட்டு என்று நம் பெண்கள் செல்போனில் எடுத்து இன்டர்நெட்டில் போடாத விஷயமே இப்போது இல்லை. சந்தோஷம்தான். ஆனால், அதைப் பார்த்துவிட்டு யாராவது, "உங்க படங்களை எங்களுக்குக் குடுத்துடுங்க, பணம் தர்றோம்" என்று கேட்டால், வந்தவரை லாபம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்து விடுகிறோமே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சொந்த வீட்டை விற்கவும் செய்யலாம், வாடகைக்கும் விடலாம். விற்றால் மொத்தமாகப் பணம் வரும். அதோடு வீடு நம்முடையது இல்லை. வாடகை சிறு தொகைதான், ஆனாலும் தொடர்ந்து வரும். வீடும் நம் பெயரிலேயே இருக்கும். நாம் எடுத்த போட்டோ, வீடியோ, எழுதிய குறிப்பு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். இதில் கூடுதலாக ஒரு வசதி. ஒரு வீட்டை ஒரே நேரத்தில் பத்துக் குடும்பத்துக்கு விட முடியாது. ஒரு கோலப் படத்தையோ காலண்டர் அச்சடிப்பவர், வாழ்த்து அட்டை போடுபவர், டி.வி.க்காரர் என்று பல பேருக்குத் தனித்தனியாக அனுமதி கொடுத்து, ஒவ்வொருவரிடமும் காசு வாங்கலாம். காலண்டர் வருஷா வருஷம் அச்சாகிறது. அனுமதியையும் வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கச் சொல்லலாம். இப்படிக் கொடுக்கும் அனுமதிக்குத்தான் 'லைசென்ஸ்' என்று பெயர்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். மார்கழி முழுக்க விடியற்காலையில் எழுந்து கோலம் போட்டு, அதை மகன் வீடியோ எடுத்துப் போட்டு, மூன்று வருஷத்தில் நூற்று நாற்பது வீடியோ சேர்ந்து விட்டது. ஒரு கம்பெனி எட்டாயிரம் ரூபாய் கொடுத்து, ஆங்கிலத்தில் இருந்த நாலு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனது. 'எல்லா உரிமையும், எல்லா நாட்டுக்கும், எக்காலத்துக்கும்' என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. இப்போது தன் வீடியோவைத் தானே மறுபடி போட்டால், உரிமை மீறல் என்று அவருக்கே நோட்டீஸ் வருகிறது. "என் வாசல், என் கை, என் கோலம், ஆனா என்னுது இல்லையாமே" என்று அவர் சொல்லும்போது கேட்கச் சங்கடமாக இருக்கிறது.

சட்டம் ஒன்றும் நமக்கு எதிராக இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நாம் சொந்தமாக ஒன்றைப் படைத்த உடனேயே உரிமை நமக்கு வந்து விடுகிறது. பதிவு செய்தால்தான் உண்டு என்பதில்லை. எழுத்துக்கும் போட்டோவுக்கும் நம் ஆயுள் முழுவதும், அதற்கு மேல் 60 ஆண்டும் உரிமை இருக்கிறது. வீடியோவுக்கு வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டு. அதாவது, நாம் வாங்க வேண்டிய காசை நம் பிள்ளைகளும் வாங்கலாம். உரிமையை விற்பதும் சரி, லைசென்ஸ் கொடுப்பதும் சரி, எழுத்து மூலமாகத்தான் இருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று எழுதாமல் விட்டால் 5 ஆண்டு என்றும், எந்த இடம் என்று எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் 'எக்காலத்துக்கும்' என்று எழுதிய தாளில் நாமே கையெழுத்துப் போட்டால், அந்தப் பாதுகாப்பு போய் விடும்.

சினிமாப் பாட்டு எழுதுபவர்களும் இசையமைப்பவர்களும் இதே மாதிரி மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கஷ்டப்பட்டார்கள். 2012இல் சட்டத்தைத் திருத்தி, தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற இடங்களில் பாட்டைப் பயன்படுத்தினால் வரும் ராயல்டியில் அவர்களுக்குள்ள பங்கை எழுதி வாங்க முடியாதபடி செய்தார்கள். பெரிய பெரிய கலைஞர்களுக்கே அப்படி ஒரு பாதுகாப்பு தேவைப்பட்டது என்றால், நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

யாராவது கேட்டு வந்தால் ஐந்தே ஐந்து விஷயம் கேளுங்கள். எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள்? எத்தனை வருஷத்துக்கு? எந்தெந்த ஊருக்கு, நாட்டுக்கு? உங்களுக்கு மட்டுமா, மற்றவருக்கும் நான் கொடுக்கலாமா? பணம் எப்போது, எப்படி வரும்? "எங்களுக்கு மட்டும்தான்" என்று சொன்னால் தொகையைக் கூட்டிக் கேளுங்கள். என் பெயரையும் போட வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். யூடியூபில் வீடியோ ஏற்றும்போதும் கவனம் தேவை. அங்கே லைசென்ஸ் என்ற இடத்தில் இரண்டு வகை இருக்கும். 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், நம் பெயரைச் சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், வியாபாரத்துக்கும் கூட.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதில் ஒரே நாளில் லட்சாதிபதி ஆகிவிட முடியாது. போட்டோக்களை வாங்கி விற்கும் இணையதளங்களில், நம் படத்தை ஒருவர் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் சிறு பங்குதான் கிடைக்கும். நூற்றுக்கணக்கில் படம் சேர்த்தால்தான் மளிகைச் செலவுக்காவது ஆகும். அடுத்தவர் முகம் தெரியும் படத்துக்கு அவருடைய சம்மதக் கடிதம் கேட்பார்கள். வீடியோவின் பின்னால் சினிமாப் பாட்டு ஓடினால் அதைக் கொடுக்கவே முடியாது. பாட்டி காலத்துப் புள்ளிக் கோலமும், சாம்பாருக்கு என்னென்ன சாமான் என்ற பட்டியலும் ஊருக்கே பொது. அதை நம்முடையது என்று சொல்ல முடியாது. நாம் எடுத்த படமும், நம் சொந்த நடையில் எழுதிய செய்முறையும்தான் நம்முடையவை.

மகளிர் சுய உதவிக் குழுக்களில் ஊறுகாய் போடவும் தையலுக்கும் பயிற்சி தருகிறார்கள். அதோடு ஒரு நாள், ஒப்பந்தத் தாளை எப்படிப் படிப்பது என்றும் சொல்லிக் கொடுத்தால் என்ன? படம் கேட்டு வரும் கம்பெனிக்காரர்களும் ஒப்பந்தத்தைத் தமிழில் தரட்டும். தர மறுத்தால், படித்துச் சொல்ல ஆள் கிடைக்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள் சகோதரிகளே! நாலு நாள் தாமதமானால் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.