சாவி யாரிடம்?

வீடு பூட்டியிருக்கிறதா என்று கேட்பது ஒன்று. சாவி உன் கையில் இருக்கிறதா என்று கேட்பது வேறொன்று. இந்த வேறுபாட்டை நிரல் எழுதும் மாணவர்கள் உணர்ந்துகொள்ள, லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல் நல்லதொரு பாடம்.

ஒரே வேளையில் பல பணிகள் கணினியின் பிணைய அமைப்பை மாற்ற முனையலாம். ஒரு பணி பிணைய அட்டைக்கு முகவரி கொடுக்கும்போது, இன்னொன்று அவ்வட்டையையே நீக்கிவிட்டால் என்ன ஆகும்? கணினி நிலைகுலையக்கூடும். இதைத் தடுக்கவே ஆர்.டி.என்.எல். என்ற பூட்டு இருக்கிறது. அதைக் கைப்பற்றிய பணியே மாற்றம் செய்யலாம் என்பது விதி.

விதி மீறலைக் கண்டறிய, நிரலில் ஆங்காங்கே ‘அசர்ட் ஆர்.டி.என்.எல்.’ என்ற சோதனையை வைத்திருக்கிறார்கள். பூட்டு திறந்து கிடந்தால் அது எச்சரிக்கும். ஆனால், பூட்டியவர் யார் என்று அது கேட்பதில்லை. அந்நேரம் வேறொரு பணி பூட்டை வைத்திருந்தால், விதியை மீறிய நிரலும் தப்பிவிடும்!

இக்குறையை நிரப்புவது, இங்கோ மோல்னார் உருவாக்கிய லாக்டெப். 2006இல் வெளிவந்த 2.6.18 பதிப்பில் அது கெர்னலில் சேர்ந்தது. எந்தப் பணியிடம் எந்தப் பூட்டு உள்ளது என்று அது கணக்கு வைக்கிறது. இரண்டு பூட்டுகள் ஓரிடத்தில் ஒரு வரிசையிலும் மற்றோரிடத்தில் நேர்மாறாகவும் எடுக்கப்பட்டால், ஒன்றுக்கொன்று காத்துக் கிடக்கும் நிலை வருமுன்னரே சுட்டிக்காட்டுகிறது.

சோதனைகள் வேகத்தைக் குறைக்கும் என்பர் சிலர். உண்மைதான். அன்றாடப் பயன்பாட்டுக்கான கெர்னலில் லாக்டெப்பைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை, அது நியாயமே. ஆனால், நிரலை எழுதிச் சோதிக்கும் வேளையிலும் அதை ஒதுக்கிவைப்பது சோம்பலன்றி வேறென்ன?

பல பணிகள் ஒருசேர ஓடும் நிரல், ஆயிரம் முறை ஒழுங்காக ஓடியும் பிழையுடையதாக இருக்கலாம். எச்சரிக்கை வரவில்லை என்பதாலேயே பிழை இல்லை என்றாகிவிடாது. நாம் கேட்ட கேள்வியே தவறாக இருந்திருக்கலாம்.

ஆகவே, நம் இடுபணிகளில் நிரல் தரும் விடைக்கு மட்டுமன்றி, அதனுள் வைத்த சோதனைகளுக்கும் மதிப்பெண் வழங்க வேண்டும் என்பது என் கருத்து. ‘இவ்விடத்தில் பூட்டு தேவை’ என்று குறிப்பெழுதுவதோடு நின்றுவிடாமல், பூட்டு யாரிடம் உள்ளது என்று நிரலே கேட்கும்படி எழுதப் பழகுவோம்.