இலக்கு என்னும் கட்டம்

நாக் தரமதிப்பீடு வருகிறதென்றால் கல்லூரிகளில் வழிகாட்டி ஆசிரியர் கோப்புகள் தூசி தட்டப்படும். 'மாணவரின் இலக்கு' என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரே விடை: முதல் வகுப்பு, பின் குரூப் 2. விரும்புவதில் தவறில்லை. ஆயினும் அது நாம் எதிர்பார்ப்பதை அறிந்து எழுதிய விடை.

மனவளர்ச்சிக்கோ கட்டமே இல்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை நடத்துகிறவர்களும் நாமே என்பதுதான் வேடிக்கை. மெய்ப்பாடு 8, ஒவ்வொன்றும் தோன்றும் களம் நான்கு, ஆக 32; ஒப்பித்தால் மதிப்பெண். பெருமிதத்தின் களங்களில் முதலாவது கல்வி. அழுகையின் களங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. முன்னைய நிலை கெட்டு வருந்துவதே அசைவு என்று உரை விளக்கும். பள்ளியில் முதலிடம் பெற்று வந்து, முதல் பருவத்திலேயே இரண்டு அரியர் வைத்து, வகுப்பின் கடைசி வரிசைக்கு ஒதுங்கிவிட்ட பிள்ளையின் நிலை வேறென்ன? அச்சொல்லைத் தேர்வுக்குக் கொடுத்தோம். அவன் துயருக்குக் கொடுத்தோமில்லை.

இலக்கு ஒரு வாரத்திற்குள் அடங்கட்டும், மாணவரே எழுதட்டும். உரையில் இரண்டு பக்கம் படித்துத் தம் நடையில் எழுதுவது ஒன்று. மதிப்பெண் குறைந்தால் அன்றே ஒருவரிடமேனும் சொல்லிவிடுவது மற்றொன்று. இந்த இரண்டாவதைக் கையொப்பமிட்டுச் சரிபார்க்கப் புகுந்தோமோ, கெட்டது காரியம். நம்மிடம் சொல்லாமல் தோழியிடம் சொன்னாலும் இலக்கு நிறைவேறியதே. உறக்கமும் உணவும் கெடுமளவு துயரெனில் உளநல ஆலோசகரிடம் அனுப்புவதே முறை. மெய்ப்பாட்டியல் அதற்கு மருந்தன்று. ஆலோசகர் கல்லூரிக்கு என்று வருகிறார் என்பதை முதலில் அந்தக் கோப்பின் மேலட்டையில் எழுதி வைப்போம்.