அடையாற்று மடவையின் ரத்தம் சொல்லும்

சென்னையின் அடையாற்றைத் தனியார் பங்களிப்புடன் சீரமைக்க ரூ.1,500 கோடி என்று 2024-25 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. தூர்வாருவது, கழிவுநீரைத் தடுப்பது, கரையோரப் பூங்கா என்று பேச்சு நீள்கிறது. ஆற்றில் வாழும் மீன் அந்தப் பேச்சில் எங்கே?

ஆறு தேறிவிட்டதா என்று பார்க்க அதிகாரிகள் முதலில் நம்புவது கரைந்த ஆக்சிஜன் அளவை. அது சாக்கடையைக் காட்டிக்கொடுக்கும். ஈயத்தையும் காட்மியத்தையும் காட்டாது. பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிலும், 1958-இல் தொடங்கிய கிண்டித் தொழிற்பேட்டையும் இந்த ஆற்றை ஒட்டிய பகுதிகளில் வளர்ந்தவை. கன உலோகம் நீரோடு முழுதாகப் போய்விடாது, பெரும்பகுதி சேற்றில் படியும். சீனிவாசபுரம் முகத்துவாரத்தில் வலையில் விழும் மடவை மீன் அந்தச் சேற்றைத்தான் மேய்கிறது.

மனிதச் சிவப்பணுவில் இல்லாத உட்கரு, மீனின் சிவப்பணுவில் உண்டு. உலோகத்தின் பாதிப்பைக் கண்டறிய இந்த ஒரு வேறுபாடு பெரிய வசதி. ஈயம், ஹீமோகுளோபின் உருவாகத் தேவையான நொதியை முடக்கி மீனுக்குச் சோகையைக் கொண்டுவரும். காட்மியமும் குரோமியமும் மரபுப்பொருளைச் சிதைத்தால், உட்கருவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு துணுக்கு தனியே நிற்கும். அதைப் பார்க்கக் கோடிகள் வேண்டாம். ஒரு சொட்டு ரத்தம், கண்ணாடித் தகடு, ஜீம்சா சாயம், நல்ல நுண்ணோக்கி போதும். ஆயிரம் அணுக்களில் எத்தனையில் துணுக்கு இருக்கிறது என்று பொறுமையாக எண்ண வேண்டும், அவ்வளவே. விலங்கியல் படிக்கும் மாணவிகள் செய்துவிடுவார்கள். எண்ணூர் மடவையையும் கோவளம் மடவையையும் ஒப்பிட்டு, எண்ணூர் மீனில் உலோகம் கூடுதல் என்று சென்னை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார்கள்.

மீன் சதையில் ஈயம் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் என்ற உணவுப் பாதுகாப்பு வரம்பைத் தாண்டவில்லையே என்பது வெறும் சப்பைக்கட்டு. ஈயம் சதையைவிடச் செவுளிலும் எலும்பிலும் சிறுநீரகத்திலும்தான் அதிகம் சேரும். இன்னொரு மறுப்பும் உண்டு: துணுக்குக்குக் காரணம் உலோகம்தான் என்று இந்த ரத்தச் சோதனை பிரித்துக் காட்டாதாம். சேற்றில் உள்ள உலோகத்தையும் சேர்த்து அளந்தால் தீர்ந்தது.

மீன் தரும் எச்சரிக்கையைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும்? ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நோய் 1956 மே மாதம் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அதற்கு முன்பே மீன்கள் மிதந்தன, பூனைகள் வலிப்பு வந்து செத்தன. பாதரசக் கழிவைக் கொட்டிய ஆலை அதை நிறுத்தியதோ 1968-இல். பன்னிரண்டு ஆண்டுகள்!

தூர்வாரும் இயந்திரம் இறங்கினால், அடியில் அடங்கிக் கிடக்கும் உலோகம் மீண்டும் நீரில் கலக்கும். ஆகவே மடவையின் ரத்தப் பரிசோதனை முடிவு வராமல் ஒரு ரூபாய்கூட விடுவிக்கக் கூடாது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், சீனிவாசபுரம், ஒப்பிட்டுப் பார்க்கக் கோவளம் என நான்கு இடங்களில் மாதந்தோறும் பரிசோதிக்க வேண்டும். முடிவுகளை முதலில் தெரிந்துகொள்ளும் உரிமை, அந்த மீனைப் பிடித்து விற்றுச் சாப்பிடும் முகத்துவாரத்து மக்களுக்கு உண்டு.