பல் வைக்கும் கணினியும் நம் பெரியவர்களும்

"கணினி வைத்துச் செய்கிறோம், இம்மியும் பிசகாது" என்ற பேச்சை நம்பி, இம்ப்ளான்ட் பல் வைக்க நம் பெரியவர்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்கும் குமுளியிலிருந்து தேனிக்கும் பஸ் ஏறுகிறார்கள். பிசகு உண்டு என்பதே உண்மை.

ஸ்கேன் படத்தைக் கொண்டு கணினியில் திட்டமிட்டு, வாய்க்கேற்ற 'கைடு' செய்து, அதன் துளை வழியே எலும்பில் துளையிடுவதே இம்முறை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான கணக்கில் சராசரி விலகல் துளையின் வாயில் 1.2 மி.மீ., நுனியில் 1.4 மி.மீ., சாய்வில் 3.5 டிகிரி. வெறுங்கையால் செய்வதைவிட இது மேல்தான். ஆனால் கீழ்த்தாடை நரம்பு காயப்பட்டால் உதடு மரத்துப்போகும். அதனால்தான் 2 மி.மீ. இடைவெளி விடச் சொல்கிறார்கள்.

மீதிப் பற்களின்மேல் உட்காரும் கைடு உறுதியாக நிற்கும். வெறும் ஈறின்மேல் வைத்தால் நழுவக்கூடும். ஆகவே பல்லெல்லாம் போன முதியவருக்கே கூடுதல் கவனம் வேண்டும்.

கணினி வேண்டாம் என்பதல்ல என் வாதம். கைடு எதன்மேல் நிற்கும், நரம்புக்கு எத்தனை மி.மீ. தள்ளி என்று படத்தில் காட்டச் சொல்லுங்கள். தமிழ் மட்டும் படித்த மூணாறு, வண்டிப்பெரியாறு தோட்டத்துப் பெரியவரிடம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினால் அது சம்மதம் ஆகுமா? கூடப் போகும் பிள்ளைகளே, தமிழில் விளக்கச் சொல்லிவிட்டுப் பேனாவைக் கொடுங்கள்.