உதவி நிலையமா, விசாரணைக் கூடமா?

துயருற்றோர்க்கு உதவுதற்கென ஊர்தோறும் நிலையங்கள் அமைக்க விழைகின்றோம். ஆயின், அவற்றின் உள்ளே நாம் வைப்பது யாது? உயர்ந்த மேசை; அதன் பின்னே அதிகாரி; எதிரே வாங்கு; செவிமடுக்கும் அயலார்! கணவனின் கொடுமையை இங்கே எப்பெண் எடுத்துரைப்பாள்? 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்புக் கட்டளை பெற உரிமை அளித்துள்ளது. வாய் திறக்க இடமில்லையேல் அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயே.

இக்குறையை உணர்ந்து இடமமைத்தோரும் உளர். ஸ்கொத்லாந்தின் எடின்பரோவிற் புற்றுநோயாளருக்கென 1996இல் திறக்கப்பட்டது மகி நிலையம். நோய் மீண்டதென்ற செய்தியுடன் யன்னலற்ற வைத்தியசாலை நடைக்கூடத்தில் அமர நேர்ந்த மகி கெசிக் என்னும் பெண்மணியின் எண்ணத்தில் உதித்தது அது. அங்கே வரவேற்பு மேசை இல்லை. சமையலறை மேசையே நடுவில் உள்ளது. வருவோர் தேநீர் அருந்தி, விரும்பினாற் பேசலாம், இன்றேல் வாளாவிருக்கலாம்.

நம் திண்ணையும் வழிப்போக்கர் இளைப்பாற இடந்தந்தது. ஆனால், சாதியின் பெயராற் சிலரை முற்றத்தில் நிறுத்திய வழக்கமும் நம்முடையதே. அது மீளலாகாது. எல்லோர்க்கும் ஒரே உயரக் கதிரை, கதவடைத்துப் பேச ஓர் அறை, காற்றும் ஒளியும் வர யன்னல்: இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கட்டிட நிதி வழங்கும் கமக்காரரே, உத்தியோகத்தரே! கல்லிற் பெயர் பொறிக்குமுன் அவ்வறை உண்டோவெனக் கேளுங்கள்.