சிறு கம்ப்யூட்டர்களின் கூட்டணி
சூப்பர் கம்ப்யூட்டருக்காக இந்தியா வாஷிங்டன் வாசலில் காத்துக் கிடந்த காலம் உண்டு. கேட்டது க்ரே எக்ஸ்எம்பி-24. கிடைத்தது சிறிய எக்ஸ்எம்பி-14, அதுவும் வானிலைக் கணிப்புக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. 1989இல் அது தில்லி லோதி ரோடு மௌசம் பவனில் இயங்கத் தொடங்கியது. ரோஷம் வீண்போகவில்லை. 1991இல் புனேயின் சி-டாக் சிறு பிராசஸர்களை ஒன்றாகக் கோத்து பரம் 8000ஐ உருவாக்கிவிட்டது.

இன்று ஏறக்குறைய அதே வித்தை வீட்டு மேஜைக்கே வந்துவிட்டது. வேகத்துக்காக அல்ல, விழாமல் நிற்பதற்காக. ஆபீஸ்கள் கழித்துக்கட்டிய மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரு நெட்வொர்க் சுவிட்ச், லினக்ஸ், இலவசமாகக் கிடைக்கும் குபர்நெட்டீஸ் போதும். ஏன் மூன்று? ஒன்று படுத்தாலும் மீதி இரண்டுக்குப் பெரும்பான்மை இருக்கும். இரண்டு மட்டும் என்றால் ஒன்று விலகியதுமே ஆட்சி ஸ்தம்பித்துவிடும் (தில்லிக்கு இந்தக் கணக்கு புதிதல்ல). பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுவது நல்லது. யூபிஎஸ் கட்டாயம்.